மீதி ஆறுக்கு நேரம் கொடு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கண்டேன். இந்தப் பருவத்தில் புரத வேதியியல் உன் பொறுப்பில் வந்திருப்பது நல்ல சேதி. புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, பிஎச் 7-இல், அதாவது நடுநிலையில், பக்கச் சங்கிலி (ஓர் அமினோ அமிலத்தை மற்றதிலிருந்து வேறுபடுத்தும் பகுதி) எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கிப் பார்.

கரும்பலகையில் முதல் படமே சரியாக இருக்கட்டும். ஆல்பா கார்பனைச் சுற்றி ஒரு ஹைட்ரஜன், ஒரு பக்கச் சங்கிலி, ஓர் அமினோ தொகுதி, ஒரு கார்பாக்சில் தொகுதி. கடைசி இரண்டையும் மின்சுமை இல்லாமல் வரையும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நீர்க்கரைசலில் அப்படி ஒரு வடிவம் அநேகமாக இருப்பதே இல்லை. அமினோவுக்கு நேர்மின்சுமை, கார்பாக்சிலுக்கு எதிர்மின்சுமை போட்டே வரை. சங்கிலியில் கோத்ததும் இவ்விரண்டும் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பில் அடங்கிவிடும். முனைகள் இரண்டைத் தவிர, மின்சுமையெல்லாம் பக்கச் சங்கிலியின் கணக்குத்தான்.

அலனின், வாலின், லியூசின், ஐசோலியூசின், மெத்தியோனின், ஃபினைல்அலனின் ஆகியவை நீரை ஒதுக்கிப் பெரும்பாலும் புரதத்தின் உள்ளே பதுங்கும். செரின், திரியோனின், அஸ்பராஜின், குளுட்டமின் மின்சுமை இன்றியே நீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும். அஸ்பார்ட்டேட்டும் குளுட்டமேட்டும் எதிர்மின்சுமை. லைசினும் ஆர்ஜினினும் நேர்மின்சுமை. பதினான்கு முடிந்தது.

மீதி ஆறும் எந்தப் பெட்டியிலும் ஒழுங்காக உட்காராது. கிளைசினின் பக்கச் சங்கிலி வெறும் ஹைட்ரஜன். அதனால் கண்ணாடிப் பிம்பம் போன்ற இட வலப் பேதமே இல்லை. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடத்தில், மற்றவற்றுக்கு மூடிய பகுதிகளும் கிளைசினுக்குத் திறந்திருக்கும். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தில் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் வருவதும் இடநெருக்கடியால்தான்: மூன்று இழைகள் முறுக்கிக்கொள்ளும் நடுவில் ஹைட்ரஜனைவிடப் பெரிதாக எதுவும் கொள்ளாது.

புரோலின் நேர்மாறு. பக்கச் சங்கிலி வளைந்து தன் நைட்ரஜனையே பிடித்துக்கொள்வதால் சுழற்சி பூட்டப்படுகிறது. புரதச் சங்கிலி சுருண்டு அமையும் ஆல்பா சுருளின் நடுவில் வந்தால் சுருள் வளையும் அல்லது உடையும். அமினோ அமிலத்தை நிறத்தால் காட்டும் நின்ஹைட்ரின் சோதனையில் மற்றவை ஊதா காட்ட, இது மஞ்சள் காட்டும். ஒளி உறிஞ்சலை 570 நானோமீட்டரில் மட்டும் அளந்தால் புரோலின் நழுவிவிடும். 440-இலும் அளக்கச் சொல்.

ஹிஸ்டிடினைக் காரம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதே. பக்கச் சங்கிலியின் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகள் புரோட்டானை விட்டுவிட்டிருக்கும் பிஎச், சுமார் 6. பிஎச் 7-இல் பதினொன்றில் ஒரு பங்குதான் மின்சுமையோடு இருக்கும். புரோட்டானை வாங்கவும் கொடுக்கவும் இது வசதியான நிலை. புரதத்தைச் செரிக்கும் கைமோடிரிப்சின் போன்ற நொதிகள் வினை நடக்கும் இடத்திலேயே இதை வைத்திருப்பது அதனால்தான். சிஸ்டீன் இரண்டிரண்டாக டைசல்ஃபைடு பிணைப்பு (கந்தகத்தோடு கந்தகம்) போடும், இன்சுலினில் இப்படி மூன்று. டைரோசினும் டிரிப்டோஃபானும் 280 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவதால் புரத அளவு காண உதவும். இரண்டுமே இல்லாத புரதம் அங்கே தெரியாது.

ஐசோஎலக்ட்ரிக் புள்ளியை, அதாவது நிகர மின்சுமை பூச்சியமாகும் பிஎச்சை, கணக்கிடும்போதுதான் அதிகம் தவறுவார்கள். லைசினுக்கு பிகேஏ 2.18, 8.95, 10.53. மூன்றையும் கூட்டி வகுத்தால் 7.22 வரும்; அது தவறு. நிகர மின்சுமை பூச்சியமாகும் வடிவத்துக்கு இருபுறமும் உள்ள இரண்டை மட்டும் எடுக்க வேண்டும்: 8.95, 10.53. விடை 9.74.

வகைப்பாடு எதற்கு என்று யாராவது கேட்டால் அரிவாள் செல் நோயைச் சொல். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டமேட்டுக்குப் பதில் வாலின். மின்சுமை போய், நீரை ஒதுக்கும் ஒட்டு ஒன்று வெளிப்பரப்பில் முளைக்கிறது. ஆக்சிஜனை விட்ட மூலக்கூறுகள் அதைப் பற்றிக்கொண்டு நாராகத் திரள்கின்றன.

செய்முறைக்கு ஒன்று. 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 110 டிகிரியில், 24 மணி நேரம் புரதத்தை நீராற்பகுத்து அமினோ அமிலங்களாக உடைத்தால் டிரிப்டோஃபான் அழிந்துவிடும். அஸ்பராஜினும் குளுட்டமினும் அம்மோனியாவை இழந்து அஸ்பார்ட்டிக், குளுட்டமிக் அமிலங்களோடு கலந்துவிடும். முடிவைப் படிக்கும்போது இதைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார். லைசின் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்றும் எழுது.

அன்புடன்,
கௌரி