ஒன்பதாம் வகுப்பு ஓவியக் கண்காட்சி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை மாடிக் கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி நடக்கிறது. வட்டம், சதுரம், கோடு, நிறம் மட்டும்தான். இரண்டு மலைக்கு நடுவே சூரியன், தென்னைமரம், குடிசை எல்லாம் தேடாதீர்கள். எந்தப் படத்தை வைப்பது, எங்கே மாட்டுவது என்பதெல்லாம் பிள்ளைகளின் முடிவு. ஓவிய ஆசிரியர் ஏணியைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தக் கடிதம். "என் பொண்ணு படத்தைப் போய்க் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்காங்களாமே?" என்று அலுவலகத்துக்குப் போன் வந்துவிட்டது. இன்னும் சிலர் கேட்கக்கூடும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

பிள்ளைகள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது, 1915 டிசம்பரில் ரஷ்யாவின் பெத்ரோகிராத் நகரில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) தொடங்கிய '0,10' என்ற கண்காட்சியை. அதை ஏற்பாடு செய்தவர்களும் ஓவியர்களே: இவான் பூனி, அவர் மனைவி க்சேனியா போகுஸ்லாவ்ஸ்காயா. பூனிக்கு அப்போது 23 வயது. பத்துப் பேர் கலந்துகொள்வார்கள் என்ற கணக்கில் பெயரில் பத்து வந்தது. கடைசியில் 14 பேர் சேர்ந்தார்கள். அதில் ஏழு பேர் பெண்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய கணக்கு இது. நம் பள்ளி அறிவியல் கண்காட்சிக் குழுவில்கூட இந்த விகிதம் இன்னும் வரவில்லை.

அங்கே காசிமிர் மாலெவிச் என்பவர் ஒரு கறுப்புச் சதுரத்தை வைத்தார். வெள்ளைப் பின்னணி, நடுவே கறுப்பு, ஒவ்வொரு பக்கமும் 80 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை மற்ற படங்களோடு வரிசையில் மாட்டியிருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் அதை இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், கூரையை ஒட்டி மாட்டினார். ரஷ்ய வீடுகளில் அந்த மூலை நம் வீட்டுச் சாமி மாடம் மாதிரி. ஏசு, மாதா படங்கள் இருக்கும் இடம். அலெக்சாந்தர் பெனுவா என்ற விமர்சகருக்கு விஷயம் சட்டென்று புரிந்தது, கொதித்துப்போய் எழுதினார். பாதி வேலையைப் படம் செய்தது, மீதியை ஆணி அடித்த இடம் செய்தது.

அந்தக் கண்காட்சியின் புகைப்படம் ஒன்று கிடைத்திருக்கிறது. சுவரில் மேலும் கீழுமாகப் படங்கள், பக்கத்தில் எண் எழுதி ஒட்டிய துண்டுக் காகிதங்கள், கீழே ஒரு நாற்காலி. எங்கள் கூடமும் இப்போது கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது.

சண்டையும் உண்டு. விளாதிமிர் தாத்லின் இரும்புத் தகடு, மரம், கயிறு கொண்டு செய்த வடிவங்களை மூலையில் இழுத்துக் கட்டியிருந்தார். அவருக்கும் மாலெவிச்சுக்கும் ஆகவே ஆகாது. கைகலப்பு வரை போனதாகச் சொல்வார்கள். தாத்லினும் லியுபோவ் போபோவாவும் நதேழ்தா உதால்த்சோவாவும் தங்கள் அறைக் கதவில் 'தொழில்முறை ஓவியர்களின் அறை' என்று எழுதிவைத்தார்களாம். நம் பிள்ளைகளும் இந்த வாரம் பேச்சுவார்த்தையை நிறுத்தி, மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். யாரும் சமாதானம் செய்துவைக்க வரவேண்டாம்.

சரி, கதவுக்குப் பின்னால் இருக்கும் படம். கதவைச் சாத்தினால்தான் அந்த நான்கு நீலக் கோடுகள் தெரியும், திறந்தால் மறைந்துவிடும். அந்த இடத்தைக் கேட்டு வாங்கியதே அந்தப் பெண்தான்.

பரீட்சை நேரத்தில் இது தேவையா என்று கேட்பவர்களுக்கு: மாலெவிச் அதே கண்காட்சியில் வைத்த சிவப்புச் சதுரத்தின் அச்சுப் பிரதியைக் கணித ஆசிரியர் வகுப்பில் கொடுத்தார். பிள்ளைகள் அளவுகோலும் கோணமானியும் வைத்து அளந்தார்கள். ஒரு முனை வெளியே இழுத்துக்கொண்டு நிற்கிறது. அது சதுரமே இல்லை, வெறும் நாற்கரம். அந்தப் படத்துக்கு மாலெவிச் வைத்த தலைப்பில் ஒரு குடியானவப் பெண் வருகிறாள். இதைப் பற்றி அரை மணி நேரம் வாதம் நடந்தது. நாற்கரப் பாடத்தில் இவ்வளவு சத்தத்தை நான் கேட்டதில்லை.

பார்க்க வரும்போது "இது என்ன படம்?" என்று கேட்டால் பிள்ளைகள் முழிப்பார்கள். "இதை ஏன் அதுக்குப் பக்கத்தில் மாட்டினே?" என்று கேளுங்கள், நிறையப் பேசுவார்கள். அப்புறம், இரண்டு படங்களில் கோடுகள் ஒன்பதாம் வகுப்புக் கைக்கு மீறி நேராக இருக்கின்றன. எந்த வீடு என்று நான் கேட்கப்போவதில்லை. இனி அனுப்பும் படங்களில் உங்கள் கை படாமல் இருக்கட்டும்.

நேரம் காலை 10 முதல் மாலை 4 வரை. தம்பி தங்கைகளையும் அழைத்து வரலாம். சுவரில் ஒட்டியிருக்கும் எண்களைச் சின்னப் பிள்ளைகள் பிய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று பள்ளி வேன் ஓடாது. வண்டிகளைப் பின்பக்க மைதானத்தில் நிறுத்தவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்