300 றியால் உன்னிடமே இருக்கட்டும்

களுதாவளை,
29.12.2024

அன்பு மகன்,

இரண்டு நாளாக மழை விட்டிருக்கிறது. கார்த்திகைக் கடைசியில் வந்த வெள்ளத்தில் வெற்றிலைக் கொடியில் பாதிக்கு மேல் வேர் அழுகிவிட்டது என்று போனில் சொன்னேன். அப்பா மிச்சம் நின்ற கொடிகளுக்கு வடிகால் வெட்டிவிட்டு, இன்றைக்குத்தான் புதுக் கொடி நடப் பதியம் பார்க்கப் போயிருக்கிறார். தங்கச்சி வந்தாறுமூலைக் கம்பஸிலிருந்து விடுமுறைக்கு வந்து, உள்ளே படித்துக்கொண்டிருக்கிறாள். போனில் கதைத்தால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான், நீ வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற காசைப் பற்றி எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

ஐப்பசி (ஒக்டோபர்) முதலாம் திகதியிலிருந்து ஒரு சி.ஆர். கொப்பியில் வீட்டுக் கணக்கு எழுதி வருகிறேன். உனக்குச் சொல்லவில்லை. மூன்று மாதம் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். உப்பு வாங்கியதிலிருந்து ஆட்டோக் காசு வரைக்கும் ஒன்றும் விடவில்லை. தேதி ஒரு பக்கம், சாமான் நடுவில், காசு கடைசியில். நேற்று இரவு எல்லாவற்றையும் கூட்டினேன். மாதச் செலவு 71,000 ரூபா வருகிறது. வீடு கட்டுகிற செலவு இதில் இல்லை. அப்பாவின் தோட்டமும் என் இடியப்பமும் சேர்ந்து, மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கினாலும், 38,000 வரைக்கும் தருகின்றன. மிச்சம் 33,000 உன் காசு.

இதில் ஒரு இடத்தை மட்டும் உனக்குக் காட்டுகிறேன். பின்னேரம் நாலு மணிக்குப் பேக்கரிச் சாமான் விற்கிற சூன் பாண் ஆட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். ஒரு நாள் இரண்டு பணிஸ், ஒரு நாள் மாலு பாண் (மீன் பணிஸ்), யாராவது வந்திருந்தால் கேக் துண்டு. 200, 250 என்று கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அது எனக்குச் செலவாகவே தெரியவில்லை. ஐப்பசி முடிந்ததும் அந்த மாதத்தை மட்டும் கூட்டினேன்: 5,840 ரூபா. றியால் இப்போது 80 ரூபா. அப்போ 73 றியால். உனக்கு 26 நாள் வேலைக்கு 1,300 றியால் என்றால் நாளுக்கு 50. நீ ஒன்றரை நாள் அந்த வெயிலில் நின்ற காசு, மகன். கொப்பியை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் அப்படியே இருந்தேன்.

அன்றிலிருந்து பின்னேரத்துக்கு அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும், இல்லாவிட்டால் அவலும் சீனியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சூன் பாண். அப்பாவுக்குப் பணிஸ் விருப்பம், அதை முழுதாக நிறுத்த எனக்கு மனமில்லை.

கரண்ட் பில்லையும் பார்த்தேன். 60 அலகு என்பது ஒரு வேலி மாதிரி. 60க்குள் நின்றால் குறைந்த விலை. 61 ஆனால் அந்த ஓர் அலகுக்கு மட்டும் கூடுவதில்லை, முதல் அலகிலிருந்தே வேறு விலையில் கணக்குப் போடுகிறார்கள். நிலையான கட்டணமும் ஏறிவிடும். எனக்கு இது இவ்வளவு காலமும் தெரியாது. ஐப்பசியில் நாங்கள் 74 அலகு எரித்திருக்கிறோம். ஃபிரிட்ஜ் கதவின் லாஸ்டிக் தேய்ந்து குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது, அதை மாற்றினேன். உடுப்பைக் கிழமையில் ஒரு நாள் மொத்தமாக ஸ்திரி போடுகிறோம். கிணற்று மோட்டரை அப்பா போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக மாட்டார், பக்கத்திலேயே நிற்கிறார். மார்கழியில் 58.

அடுப்பும் மாறிவிட்டது. 2022இல் காஸ் சிலிண்டர் ஐயாயிரம் ரூபாவைத் தொட்டதும், வெறும் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு நாள் முழுக்கக் காத்துக் கிடந்ததும் உனக்கு நினைவிருக்கும். அப்போது வேறு வழியில்லாமல் கொல்லையில் விறகடுப்பு மூட்டினோம். காஸ் கிடைத்ததும் அதை மறந்துவிட்டோம். இப்போது சோறும் பிட்டும் மறுபடி விறகில்தான். தென்னை மட்டையும் பொச்சும் வளவிலேயே கிடக்கின்றன. தேத்தண்ணிக்கும் அவசரத்துக்கும் மட்டும் காஸ். 50 நாளில் முடிந்த 12.5 கிலோ சிலிண்டர் மூன்று மாதம் போகும் போலிருக்கிறது. காலமைத் தேத்தண்ணி பால்மா இல்லாமல் பிளேன்டிதான், தங்கச்சி வந்து நிற்கும்போது மட்டும் பால்.

அரிசி எல்லாவற்றிலும் பெரிய வேலை. இந்த மாதம் அரசாங்கம் நாட்டரிசி கிலோவுக்கு 230 ரூபா என்று விலை போட்டும் கடையில் அந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. மாமாவுக்கு வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வெள்ளம் கொண்டுபோகாத வயல் கொஞ்சம் நிற்கிறது. அறுவடை முடிந்ததும் எங்களுக்கு 300 கிலோ நெல் தரச் சொல்லியிருக்கிறேன், காசு கொடுத்துத்தான். அவரும் இந்த முறை நட்டப்பட்டவர், சும்மா வாங்கக்கூடாது. நாங்களே அவித்துக் காயவைத்துக் குத்தினால் 100 கிலோவுக்கு 60, 65 கிலோ அரிசி வரும். மாதம் 18 கிலோ என்றால் பத்து மாதம் ஓடும். தவிடு மாமியின் கோழிக்கு. கீரிச் சம்பா இனி வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும்.

உன் அம்மம்மா ஒவ்வொரு நேரமும் உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனி முட்டியில் போடுவா. 1978 கார்த்திகை (நவம்பர்) 23இல் சூறாவளி அடித்தபோது எனக்கு எட்டு வயது. காலமை எழும்பிப் பார்த்தால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன, கூரை இல்லை, றோட்டும் தெரியவில்லை. நிவாரணம் வந்து சேரும்வரைக்கும் அந்தப் பிடியரிசி முட்டிதான் எங்களையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் காப்பாற்றியது. நான் கல்யாணம் முடித்த பிறகு அதைச் செய்யவே இல்லை. இப்போது செய்கிறேன். முட்டிக்குள் காய்ந்த வேப்பிலை போட்டிருக்கிறேன், வண்டு வராது.

இனி ஒரு கதை. உனக்கு அப்போது பதினாறு வயது, முழுக்கச் சொல்லவில்லை.

2017இல் கிணற்று மோட்டருக்கு 50,000 ரூபா கிழமைக் கடன் எடுத்தேன். கையெழுத்து மட்டும் போதும், அடகு வேண்டாம், ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு நின்றால் சரி என்றார்கள். வட்டி வருடம் 24 வீதம் என்றால் பெரிதாகத் தெரியவில்லை. 12,000 வட்டியையும் சேர்த்து 52ஆல் பிரித்தால் கிழமைக்கு 1,192. ஆனால் கிழமைக்குக் கிழமை கடன் முதல் குறைந்துகொண்டு வரும், வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு 50,000க்கும் நடக்கும். அப்படிப் பார்த்தால் உண்மையான வட்டி கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதைத் தங்கச்சி இந்த வருடம் கணக்குப் போட்டுக் காட்டித்தான் எனக்கு விளங்கியது. எங்கள் ஐந்து பேரில் ஒருத்திக்குக் கட்ட ஏலாமல் போக, மற்ற நாலு பேரும் அவளுடையதையும் கட்டினோம். அதற்கு இன்னொரு இடத்தில் எடுத்தேன். அம்மம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று, வீடு நிறையச் சனம் நிற்க, காசு சேர்க்க வந்தவர் படலையடியில் மோட்டார்சைக்கிளில் இருந்தபடி காசு வாங்கிக்கொண்டுதான் போனார். அன்றைக்குத்தான் என் காப்பு இரண்டும் அடகுக்குப் போயின. இன்னும் அங்கேதான் இருக்கின்றன. வட்டி கட்டிக் கட்டித் திருப்பி வைக்கிறேன். பவுண் இரண்டு இலட்சத்தை ஒட்டி நிற்கும்போது அதை மூழ்க விட எனக்கு மனமில்லை.

அதனால் 2025இல் இந்த வீட்டுக்குள் புதுக் கடன் ஒன்றும் வராது. கிழமைக் கடனும் இல்லை, தவணைக்குச் சாமானும் இல்லை. சித்திரைக்குள் காப்பை மீட்பேன். சீட்டு ஒன்று மட்டும் பிடிக்கிறேன், தெரிந்த 12 பேர், மாதம் 5,000. என் முறை வைகாசியில் வருகிறது. அந்த 60,000 யன்னல் நிலைகளுக்கு.

விசேஷங்களில்தான் அப்பாவோடு கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்திலும் கல்யாணவீடு, சாமத்தியவீடு என்று என்வலப்பில் வைத்தது மட்டும் 17,000. நாலு பேருக்கு முன்னால் குறைத்து வைக்க ஏலாது என்கிறார் அப்பா. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இந்த ஊரில் எங்கள் கஷ்டத்துக்கு வந்து நின்றவர்கள்தான் எல்லோரும். ஆனால் வந்து நின்றவர்கள் காசோடு நிற்கவில்லை, கைகாலோடு நின்றார்கள். இனி சொந்தத்துக்குள் 2,000, மற்ற இடத்தில் 1,000, முதல் நாளே போய்ப் பலகாரம் சுடக் கைகொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். கடைசியில் சரி என்றார்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வீட்டுச் செலவு 71,000இலிருந்து 53,000க்கு வரும். தேங்காய் 180 ரூபா விற்கும்போது எப்படி என்று கேட்பாய். சொதியைக் குறைத்து வறையும் மல்லுமாகச் செய்கிறேன். முருங்கையும் பொன்னாங்காணியும் வேலியிலேயே இருக்கின்றன. மீன் விலை கூடிய நாளில் சூடை, அதுவும் இல்லாத நாளில் கருவாடு.

இப்போது உன்னிடம் கேட்பதைக் கேட்கிறேன். தையிலிருந்து நீ 900 றியால் அனுப்ப வேண்டாம், 600 அனுப்பு. 48,000 ரூபா வரும். அதில் 15,000 வீட்டுச் செலவுக்கு, 33,000 கட்டட வேலைக்கும் காப்புக்கும். இதுவரை கட்டடத்துக்கும் அடகு வட்டிக்குமாக 39,000 போய்க்கொண்டிருந்தது. மாதம் 6,000 குறையும். குறையட்டும். தங்கச்சியின் வீடு லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. மேலே சிலாப் போட வேண்டும் என்று இருந்ததை விட்டுவிட்டோம், ஓட்டுக் கூரையோடு முடிப்போம். பூச்சும் நிலமும் பிறகு. அவளே என்னிடம் வந்து, "எனக்கு டைல்ஸ் வேண்டாம்மா, அண்ணா வந்தால் போதும்" என்றாள். பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் இங்கே கல்யாணம் என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவும் எனக்கு இந்த வீட்டைத் தந்துதான் அப்பாவைக் கொண்டுவந்தா. அது ஓலைக் கூரை வீடு. நாங்கள் அதற்குள் குறைவாக வாழவில்லை.

மிச்சம் 300 றியால் உன் காசு. சம்பளம் விழுந்த அன்றைக்கே இங்கே உன் பெயரில் இருக்கும் சேமிப்புக் கணக்குக்கு வங்கி வழியாகப் போட்டுவிடு. வங்கி இல்லாமல் கைமாறிக் காசு அனுப்புகிற உண்டியல்காரரிடம் கொடுக்காதே. என் கணக்குக்கும் போடாதே. என் கையில் இருந்தால் யாராவது அழுதுகொண்டு வந்தால் கொடுத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். உன்னிடம் யாராவது கைமாற்றுக் கேட்டால், காசு எல்லாம் அம்மாவிடம் என்று சொல், நான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் 24,000 ரூபா. ஒப்பந்தம் முடிய 20 மாதம் இருக்கிறது என்று நினைக்கிறேன், 4 இலட்சத்து 80 ஆயிரம். நீ வந்து அப்பாவோடு தோட்டத்தைப் பெருக்குவதோ, மட்டக்களப்பில் ஒரு சின்ன வேலைத்தலம் போடுவதோ, அது உன் முடிவு. வெறுங்கையோடு வந்து நின்று, ஆறு மாதத்தில் மறுபடி ஏஜென்சி வாசலுக்குப் போகக்கூடாது என்பது மட்டும்தான் என் எண்ணம். அங்கே மூன்றாம் தடவை, நாலாம் தடவை கையெழுத்து வைத்த பிள்ளைகளின் தாய்மார் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய வீடு பெரிது.

சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதே. போன மாதம் வீடியோவில் உன் கழுத்தெலும்பைப் பார்த்தேன். இரவில் குபூசும் பருப்பும் என்று ஒப்பேற்றுகிறாய் என்று உன் அறைப் பிள்ளை தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறான். முட்டை வாங்கு, பழம் வாங்கு. புதுப் போன் தவணைக்கு எடுக்கிற யோசனை இருந்தால் அதை விடு. தலையிடி என்றால் மருந்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாமல் டொக்டரிடம் காட்டு.

தைப்பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கவில்லை, போன வருடத்துப் பித்தளைப் பானையைப் புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறேன். அப்பா படலையடிக்கு வந்துவிட்டார், பதியக் கட்டுத் தலையில் இருக்கிறது, இறக்கக் கைகொடுக்க வேண்டும்.

ஒப்பந்தம் எந்த மாதம் எத்தனையாம் திகதி முடிகிறது என்று தாளை எடுத்து வடிவாகப் பார்த்து அனுப்பு. கொப்பியின் பின்மட்டையில் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா