கடைசிப் பதிவை எடுக்கும் குவெரி

ஆசிரியருக்கு,

ஒவ்வொரு பயனரும் கடைசியாக என்ன செய்தார் என்று லாக் டேபிளிலிருந்து (செயல்கள் ஒவ்வொன்றாகப் பதிவாகும் அட்டவணை) எடுக்கும் குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் வினா) பற்றி உங்கள் கணினிப் பகுதியில் வந்த குறிப்பைப் பார்த்தேன். மாணவர்கள் வெட்டி வைத்துக்கொள்கிற பகுதி என்பதால் இந்தத் திருத்தம். குறிப்பில் சொன்ன வழியில், பயனர் எண்ணுக்கு ‘குரூப் பை’ (ஒருவரின் பதிவுகளை ஒன்றாகத் தொகுப்பது), நேரத்துக்கு ‘மேக்ஸ்’ (இருப்பதில் பெரியது) போட்டால் கடைசி நேரம் சரியாகவே வரும். கூடவே ‘செயல்’ என்ற நெடுவரிசையையும் கேட்டால்தான் வம்பு.

101-ஆம் எண் பயனருக்கு மூன்று பதிவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 9.05 உள்நுழைவு, 9.20 கடவுச்சொல் மாற்றம், 9.40 வெளியேற்றம். குவெரி ‘9.40, உள்நுழைவு’ என்று விடை தரக்கூடும். நேரம் ஒரு பதிவிலிருந்தும் செயல் வேறொரு பதிவிலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இப்படிக் கேட்டால், தரவுத்தள மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் மூன்றுமே பிழை காட்டி நிறுத்திவிடும். பழைய மைஎஸ்கியூஎல் பதிப்புகளோ சத்தமில்லாமல் ஏதாவது ஒரு பதிவின் செயலை எடுத்துக் கொடுத்துவந்தன. 5.7 பதிப்பிலிருந்து ‘ஒன்லி ஃபுல் குரூப் பை’ என்ற, இப்படிக் கேட்பதைத் தடுக்கும் கட்டுப்பாடு முதலிலேயே போட்டுத்தான் வருகிறது. பிழை வந்தால் அந்தக் கட்டுப்பாட்டை அணைத்துவிடு என்கிற யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து கேட்காதீர்கள். எஸ்கியூலைட் மட்டும் விதிவிலக்கு. ஒரே ஒரு மேக்ஸ் இருந்தால், மற்ற நெடுவரிசைகளையும் அதே பதிவிலிருந்தே எடுத்துத் தரும். கைபேசிச் செயலியில் அப்படி எழுதிப் பழகியவர்கள் சர்வர் பக்கம் வந்ததும் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

சரியான வழி பதிவுகளுக்கு வரிசை எண் கொடுப்பது: ரோ_நம்பர்() ஓவர் (பார்ட்டிஷன் பை பயனர்_எண் ஆர்டர் பை நேரம் டெஸ்க், பதிவு_எண் டெஸ்க்). பார்ட்டிஷன் பை பயனர்வாரியாகப் பிரிக்கும், ஆர்டர் பை வரிசைப்படுத்தும், டெஸ்க் என்றால் இறங்குவரிசை. ஒவ்வொரு பயனருக்கும் புதியது முதலாக 1, 2, 3 என்று எண் விழும். இதை உள்குவெரியாக வைத்து, வெளியே 1 என்று வந்ததை மட்டும் எடுக்க வேண்டும். அதே குவெரியின் ‘வேர்’ (நிபந்தனை சொல்லும்) பகுதியில் 1 என்று கேட்டால் ஏற்காது, ஏனென்றால் வேர் முடிந்த பிறகுதான் இந்த எண்ணே போடப்படுகிறது. மைஎஸ்கியூஎல் 8.0, எஸ்கியூலைட் 3.25 இரண்டிலும் 2018-இல் இந்த வசதி வந்தது. போஸ்ட்கிரெஸில் 2009 முதல், 8.4 பதிப்பிலிருந்தே உண்டு. அதில் ‘டிஸ்டிங்க்ட் ஆன்’ (பயனருக்கு ஒரு பதிவை மட்டும் வைத்துக்கொள்வது) இன்னும் சுருக்கமான வழி.

அந்த வரியின் கடைசியில் நிற்கும் பதிவு_எண்ணை வெட்டிவிடாதீர்கள். மைஎஸ்கியூஎல்லில் நேர நெடுவரிசையை ‘டேட்டைம்’ என்று மட்டும் அறிவித்தால் வினாடி வரைதான் சேமிக்கும். ஒரே வினாடியில் இரண்டு செயல்கள் பதிவாவது சாதாரணம். சமநிலை வந்தால் எது முதல் என்று சொல்லாத குவெரி, ஒரு முறை ஒன்றையும் மறுமுறை மற்றொன்றையும் தரலாம். மேக்ஸ் நேரத்தை எடுத்து மறுபடி அதே டேபிளோடு ஜாயின் செய்யும் (இணைக்கும்) பழைய முறையில் அந்தப் பயனர் இரண்டு முறை வருவார், கூட்டுத்தொகை ஏறிவிடும்.

நேர நெடுவரிசையிலேயே கோளாறு இருக்கலாம். தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்று எழுத்தாகச் சேமித்திருந்தால் ‘31-01-2023’ தான் ‘05-12-2024’-ஐவிடப் பெரியது. முதல் எழுத்து 3, 0-வைவிடப் பெரிது என்பதோடு ஒப்பீடு முடிந்துவிடும். எக்செல்லிலிருந்து இறக்கிய டேபிள்களில் இதை முதலில் பாருங்கள். நேரம் காலியாக இருக்கும் பதிவை, டெஸ்க் வரிசையில் போஸ்ட்கிரெஸ் முதலில் வைக்கும். ‘நல்ஸ் லாஸ்ட்’ (காலியானவை கடைசியில்) சேர்க்காவிட்டால் நேரமே இல்லாத பதிவு கடைசிச் செயலாகிவிடும். யுடிசி நேரத்தில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) சேமித்துவிட்டுத் தேதியை மட்டும் வெட்டி எடுத்தால், இந்தியாவில் அதிகாலை 5.30-க்கு முன் நடந்ததெல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய் விழும்.

குறிப்பில் சொல்லாமல் விட்டதில் முக்கியமானது வேறு. எது செயல், எது செயல் அல்ல? வங்கிக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பரிவர்த்தனை இல்லையென்றால் அது செயல்படாத கணக்கு என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கி தானாக வரவு வைக்கும் வட்டி, பிடிக்கும் கட்டணம் எல்லாம் இதில் சேராது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதல்படி, வாடிக்கையாளர் கேஒய்சி (அடையாள விவரம்) புதுப்பித்தால் அதுவும் சேரும். சேமிப்புக் கணக்குக்குப் பொதுவாகக் காலாண்டுக்கு ஒரு முறை வட்டி விழுகிறது. காலாண்டு முடிந்ததும் குவெரியை ஓட்டினால் ஏறக்குறைய எல்லாருக்கும் கடைசிப் பதிவு வட்டிதான். முதலில் வரிசை எண் போட்டு, 1-ஆம் பதிவை எடுத்து, அதன்பின் ‘வாடிக்கையாளர் செய்தது மட்டும்’ என்று வடிகட்டினால், நேற்றுப் பணம் எடுத்தவரும் பட்டியலில் இருக்க மாட்டார். உள்குவெரியிலேயே வடிகட்டிவிட்டு, மிஞ்சியதற்கு எண் போட வேண்டும்.

ஒரு செயலும் பதிவாகாதவர் லாக் டேபிளில் இருக்கவே மாட்டார். கணக்கு தொடங்கிவிட்டு எட்டிப் பார்க்காதவர்களைத் தேடும் பட்டியலில் அவர்களே இல்லாமல் போவார்கள். பயனர் டேபிளில் தொடங்கி ‘லெஃப்ட் ஜாயின்’ (லாக்கில் பதிவு இல்லாதவரையும் விடாமல் வைத்துக்கொள்ளும் இணைப்பு) செய்ய வேண்டும். எண் 1 என்ற நிபந்தனையை ஜாயினின் ‘ஆன்’ பகுதியில் வையுங்கள். வேர் பகுதிக்குக் கொண்டுபோனால் காலியாக வந்தவர்கள் அங்கே கழிந்து, லெஃப்ட் ஜாயின் சாதாரண ஜாயினாகிவிடும்.

வேகத்துக்குப் பயனர்_எண், நேரம், பதிவு_எண் மூன்றையும் இதே வரிசையில் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் (பதிவுகளை விரைவாகத் தேட உதவும் அடைவு). நேரத்துக்கு மட்டும் தனி இண்டெக்ஸ் போடுவது இங்கே பெரிதாக உதவாது. பயனர்கள் சில ஆயிரம், பதிவுகள் பல கோடி என்றால் ‘லேட்டரல்’ ஜாயின் நல்லது. பயனருக்கு ஒரு முறை இண்டெக்ஸில் இறங்கி ஒரு பதிவோடு திரும்பிவிடும். போஸ்ட்கிரெஸ் 9.3, மைஎஸ்கியூஎல் 8.0.14 முதல் கிடைக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் இதற்கு ‘அவுட்டர் அப்ளை’.

பயனர் டேபிளிலேயே ‘கடைசி நேரம்’ என்று ஒரு நெடுவரிசை வைத்துவிட்டால் இந்தப் பாடே இல்லை என்பார்கள். வைக்கலாம். ஆனால் நெட் இல்லாமல் கிடந்த கைபேசி, காலைப் பதிவை மாலையில் அனுப்பும். கண்ணை மூடிக்கொண்டு அப்டேட் செய்தால் நேரம் பின்னோக்கிப் போகும். பழையது, புதியது இரண்டில் பெரியதை ‘கிரேட்டஸ்ட்’ கொண்டு எடுப்பதுதான் வழக்கம். அதிலும் போஸ்ட்கிரெஸ் காலி மதிப்பை ஒதுக்கிவிட்டு மற்றதைத் தரும்; மைஎஸ்கியூஎல்லும் ஆரக்கிளும் ஒன்று காலியாக இருந்தாலே காலியைத்தான் தரும். அங்கே புதுப் பயனரின் நெடுவரிசை எத்தனை முறை வந்துபோனாலும் காலியாகவே கிடக்கும். பழைய மதிப்பை ‘கோஅலெஸ்’ஸுக்குள் போட்டு, காலியென்றால் புது நேரத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

— வாசகர் ஒருவர், சென்னை