பத்தடித் தண்ணீரில் நேராகப் போக

அன்புள்ள கவிதா,

யாழினியின் கப் ஸ்கவுட் பேக்கில் (சிறுவர் சாரணர் குழுவில்) ரெயின்கட்டர் ரெகட்டா என்ற குட்டிப் படகுப் போட்டி வைக்கிறார்கள், படகு செய்யும் கிட் வந்துவிட்டது, படகை வேகமாக்க என்ன வழி என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இன்னும் சிலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் வேகத்தை மறந்துவிடுங்கள். தண்ணீர் நிரப்பிய 10 அடிக் கட்டர் (கூரையின் மழைநீர் வடியும் வாய்க்கால்) இரண்டை அருகருகே வைத்து, ஆளுக்கொரு படகை வாயால் ஊதித் தள்ளும் போட்டி இது. இதில் தோற்கிற படகுகள் பெரும்பாலும் சுவரில் முட்டித்தான் தோற்கின்றன. கூரையோரம் மாட்டும் சாதாரணக் கட்டரின் வாய் 5 அங்குலம். படகு இரண்டரை அங்குல அகலம் என்றால் இரு பக்கமும் மிச்சம் ஒன்றேகால் அங்குலம். படகின் அடியில் நீளவாக்கில் நிற்கும் தகடான கீல் (keel) வெறும் 3 டிகிரி கோணலாக ஒட்டியிருந்தால் போதும், 2 அடி போவதற்குள் சுவர் வந்துவிடும். அதன்பிறகு குழந்தை எவ்வளவு ஊதினாலும் படகு சுவரை உரசிக்கொண்டேதான் போகும்.

ஆகவே பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் கீலையும் சுக்கானையும் கவனியுங்கள். பசை போடாமல் முதலில் செருகிப் பாருங்கள். படகைக் கவிழ்த்துக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். சுக்கான், கீல், மூக்கு மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கீல் தான் செருகிய காடிக்குள் (பள்ளத்துக்குள்) ஆடினால் ஒரு துண்டு காகிதத்தை மடித்துச் செருகி இறுக்குங்கள். நேராக நிற்பது உறுதியான பிறகு 5 நிமிட எப்பாக்ஸி போட்டு, இறுகும்வரை கையாலேயே பிடித்திருங்கள். க்ளூ கன் வேண்டாம். அது ஆறிய பிறகு ஈர மரத்திலிருந்து மொத்தமாகப் பெயர்ந்து வரும், அதுவும் பெரும்பாலும் போட்டி அன்று.

அடுத்த எதிரி பால்சா மரம். லேசானது, குழந்தை கையால் தேய்த்தாலே வடிவம் வரும்; ஆனால் பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். உப்புத்தாளில் 120 நம்பரில் (சொரசொரப்பானது) தொடங்கி 220-ல் (மெல்லியது) முடியுங்கள். முனையை உருட்டிவிடுங்கள், கட்டர் குறுகலானது, தட்டையான மூக்கு முன்னால் தண்ணீரைக் குவித்துக்கொண்டே போகும். பிறகு வார்னிஷ் இரண்டு கோட்டு, நடுவில் லேசாக ஒரு தேய்ப்பு. பாய்மரத் துளையின் உள்பக்கத்தையும் கீல் காடியின் விளிம்பையும் விட்டுவிடாதீர்கள், தண்ணீர் நுழைவதே அங்கேதான். குழந்தைகளுக்குப் பிடித்த அக்ரிலிக் பெயின்ட் தாராளமாக அடிக்கலாம், ஆனால் வார்னிஷ் அதற்கு மேலே வர வேண்டும். ஒரு முழு நாள் காயவிடுங்கள்.

எடை பற்றி ஒன்று. பைன்வுட் டெர்பி என்ற ஸ்கவுட் போட்டிக்கு மரக் கார் செய்து பழகிய அப்பாக்கள் படகிலும் ஈயமும் இரும்பும் ஏற்றப் பார்ப்பார்கள். கார் சரிவில் இறங்குகிறது, அங்கே 5 அவுன்ஸ் வரம்பு வரை ஏற்றுவது லாபம். படகைத் தள்ளுவது ஏழு வயதுக் குழந்தையின் மூச்சு. ஏற்றுகிற ஒவ்வொரு கிராமும் படகை இன்னும் ஆழமாக அமிழ்த்தும். பாத் டப்பில் மிதக்கவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தாலோ, மெல்ல ஊதியதும் கவிழ்ந்தாலோ மட்டும் கீலின் அடிநுனியில் ஒரு சிறு வாஷரை ஒட்டுங்கள். மேல்தளத்தில் ஒட்டினால் கவிழ்வது கூடும். எதை மாற்றலாம், எதைக் கூடாது என்பது பேக்குக்குப் பேக் வேறுபடும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பாய் உயரமாக இருந்தால் அழகு. ஆனால் உச்சியில் விழும் காற்று மூக்கைத் தண்ணீருக்குள் அமுக்கும். அகலமாக, தாழ்வாக இருப்பதே நல்லது. மேலும் கீழும் துளையிட்டுப் பாய்மரத்தில் கோக்கும்போது நடுவில் கொஞ்சம் வளையவிடுங்கள், குழிவான பக்கம் ஊதும் குழந்தையைப் பார்க்கட்டும். காகிதம் வேண்டாம், நாலு துளி தெறித்ததும் தொய்ந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் ஃபைல் அட்டை போதும். பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: உருண்டைக் குச்சியில் கோத்த பாய் ஊத ஊத மெல்லத் திரும்பும். பாய் திரும்பினால் தள்ளும் திசையும் திரும்பும். துளையருகே ஒரு சொட்டுப் பசை வைத்து, படகுக்குச் சரியாகக் குறுக்காக நிறுத்துங்கள்.

படகு முடிந்தால் வேலை பாதிதான் முடிந்தது. ஊதப் பழக்க வேண்டும். பிள்ளைகள் மேலிருந்து கீழாக "புஃப் புஃப்" என்று வெட்டி வெட்டி ஊதுவார்கள். படகு குனியும், நிற்கும், திரும்பும். வாய் பாயின் கீழ்ப்பாதி மட்டத்துக்கு இறங்க வேண்டும், ஊதுவது நீளமாகவும் சீராகவும் இருக்க வேண்டும். மூக்கு இடப்பக்கம் திரும்பினால் பாயின் இடப்பாதியில் ஊத வேண்டும், நேராகிவிடும். பெரியவர்களே இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுப்பது வழக்கம், டப்பில் செய்து பார்த்துவிடுங்கள். தொடர்ந்து வேகமாக ஊதினால் தலை சுற்றும். உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் வருவது அது. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே உட்காரவையுங்கள்.

கட்டரை அமைக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் (புதிதாக வந்த பெற்றோர் தலையில்தான் விழும்) இதையும் குறித்துக்கொள்ளுங்கள். 5 அங்குலக் கட்டர் அடிக்கு ஒரு காலனுக்கு மேல் பிடிக்கும். பத்தடிக்கு சுமார் 12 காலன், அதாவது 45 கிலோ. இரண்டு முனையில் மட்டும் முட்டுக் கொடுத்தால் நடுவில் தொய்யும். இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் வையுங்கள். முனை மூடிகளை முந்தின நாளே சிலிக்கான் வைத்து ஒட்டிவிடுங்கள். தரையில் வைக்காதீர்கள், குழந்தை குனிந்து நிற்காமல் நேரே ஊதும்படி நெஞ்சு உயரத்துக்கு வரட்டும். தண்ணீர் குறைந்தால் கீல் அடியில் உரசும், கடைசிக் குழந்தையின் முறை வரும்வரை ஒரு குடம் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
பக்கத்து ஊர் பேக்கிலிருந்து ஒரு அண்ணன்