இடது கன்னமும் வலது கன்னமும்

கோயம்புத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கண்ணாடி இல்லாமலே பேப்பரில் தலைப்பெல்லாம் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு அந்த வரியை வாசித்துக் காட்டினேன். சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை விடாமல் போடச் சொல். உடனே பதில் எழுத உட்காரவில்லை, மன்னித்துக்கொள். இரண்டு மாதமாக என் கையில் ஒன்று களிமண் இருக்கிறது, இல்லையென்றால் ரெசின் என்ற வார்ப்புப் பிசின் இருக்கிறது.

ஸ்டார் வார்ஸ் படத்து வில்லன் டார்த் வேடரின் முகமூடியைச் செய்துகொண்டிருந்தேன். மண்ணைப் பிசைந்து, அச்செடுத்து, வார்த்து, பெயிண்ட் அடித்து, எல்லாம் நம் வீட்டு மொட்டைமாடியில்தான். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய அந்தப் படத்தைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் காலையில் மெஸ்ஸில் நீ எவர்சில்வர் டம்ளருக்குள் வாயை வைத்து அந்த ஆளைப் போலவே மூச்சுவிட்டாய். ரிட்டயர் ஆனதும் முதல் வேலையாக என்ன செய்யப் போகிறாய் என்று நீ கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கே மனதில் இருந்தது இதுதான்.

அந்த முகமூடி வந்த விதமே எனக்கு ரொம்பப் பிடிக்கும். படத்துக்கு ஓவியம் வரைந்தவர் ரால்ஃப் மக்குவாரி. கதையின் தொடக்கத்தில் வேடர் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு விண்வெளி வழியாக வரவேண்டியிருந்தது. காற்றே இல்லாத இடத்தில் மனிதன் எப்படி மூச்சுவிடுவான் என்று யோசித்து, சுவாச முகமூடி ஒன்றை வரைந்துவிட்டார். அந்தக் காட்சி பிறகு மாறிவிட்டது, முகமூடி தங்கிவிட்டது. மேலே விரிந்து இறங்கும் தலைக்கவசம் ஜப்பானியச் சாமுராய்களுடையதை ஒத்தது. லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் 1976-இல் அதை மண்ணில் வடித்தவர் பிரையன் மியூர் என்ற இளைஞர். வேடராக நடித்த டேவிட் பிரவுஸின் உருவத்தை பிளாஸ்டரில் எடுத்து, அதன் மேலேயே களிமண்ணை அப்பி வடித்திருக்கிறார். அதிலிருந்து அச்சு, அச்சிலிருந்து ஃபைபர்கிளாஸ். நாம் ஃபவுண்டரியில் பேட்டர்ன் என்ற மாதிரி உருவத்தைச் செய்து மோல்டு எடுக்கிற அதே வழி. அதனால்தான் எனக்குத் துணிச்சல் வந்தது.

மகள் என் முகத்துக்கு வேஸ்லின் தடவி, மூக்கை மட்டும் விட்டுவிட்டு, பிளாஸ்டர் பேண்டேஜ் சுற்றி அச்செடுத்தாள். அதில் பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஊற்றி என் தலையை ஸ்டாண்டில் நிறுத்தினேன். அதன் மேல் மண். முப்பத்தைந்து வருஷம் பேட்டர்ன் ஷாப்பில் இருந்தவன் எப்படி ஆரம்பிப்பான்? நடுக்கோடு போட்டேன். வலது கன்னத்துக்கு அட்டையில் டெம்ப்ளேட் வெட்டி, அதையே திருப்பி இடது கன்னத்துக்கு வைத்தேன். வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தால் இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

ஆனால் அது வேடர் இல்லை, மாப்ளே. மூன்று நாள் ஈரச் சாக்கைப் போர்த்தி வைப்பதும் விலக்கிப் பார்ப்பதுமாக இருந்தேன். அளவெல்லாம் சரி, உருவமும் சரி, ஆனால் ஏதோ பம்ப் மூடியைப் பார்ப்பது போலிருந்தது. கடைசியில் முதல் படத்து முகமூடியின் நேர்முகப் படம் ஒன்றைப் பெரிதாக பிரிண்ட் எடுத்து, நடுக்கோட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தேன். இடது பாதியை இரட்டித்தால் ஒரு முகம், வலது பாதியை இரட்டித்தால் வேறொரு முகம்! அசலில் இரண்டு பக்கமும் ஒன்றே இல்லை. கையால் வடித்த மண், கன்னமும் புருவமும் பக்கத்துக்குப் பக்கம் மாறியிருக்கின்றன. 2005-இல் வந்த படத்துக்கு முகமூடியைப் புதிதாகச் செய்தபோது இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கினார்கள். சுத்தமான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் நமக்கு அன்று ராத்திரி உடம்பு சிலிர்த்தது 1977-இல் வந்த முதல் படத்து முகத்தைப் பார்த்துத்தான்.

டெம்ப்ளேட்டைக் கழற்றிப் பரணில் போட்டேன். அப்புறம் எல்லாம் கண்ணும் கட்டைவிரலும்தான். விரலை நனைத்துக் கன்ன எலும்பின் விளிம்பில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பிறகு பத்தடி பின்னால் போய் நின்று பார்ப்பது. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியும். பதினோராவது நாள் சாக்கை விலக்கியபோது அது என்னைப் பார்த்தது. கையை எடுத்துவிட்டேன்.

அச்சைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. மூக்குக்குக் கீழேயும் தாடையிலும் அண்டர்கட், அதாவது அச்சு கழலாமல் மாட்டிக்கொள்ளும் உள்வளைவு, இருப்பதால் மூன்று துண்டாகப் பிரித்தேன், பி.ஓ.பி.யில் தேங்காய் நார் கலந்து ஊற்றினேன். முதல் வார்ப்பு வீணாகிவிட்டது. நல்ல வெயில் நாளில், ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டை அளக்காமல் கண்மதிப்பில் ஊற்றிவிட்டேன். அச்சில் விரித்த ஃபைபர்கிளாஸ் விரிப்பின் மேல் பிரஷ் வைப்பதற்குள் டப்பாவிலேயே ரெசின் கொதித்துப் புகைந்து கல்லாகிவிட்டது. நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்குதான் கேட்டலிஸ்ட், வெயில் காலத்தில் இன்னும் குறைவு. இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, வெடித்துவிடும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே அடுத்தது. உன் பேரன் இதைப் படித்துவிட்டு இறங்கினான் என்றால் முதலில் இதைச் சொல்லிவை. மாஸ்க்கும் கையுறையும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

இரண்டாவது வார்ப்பு நன்றாக வந்தது. பட்டி பார்த்து, தண்ணீர் பேப்பர் போட்டே ஒரு வாரம் போனது. பெயிண்டில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். முழுக்கக் கறுப்பு என்றுதானே நாம் நினைத்தோம்? முகத்தில் சில பகுதி பளபளக்கும் கறுப்பு, அதை ஒட்டிய பகுதி இரும்புச் சாம்பல். கொஞ்சம் தள்ளி நின்றால் எல்லாம் கறுப்பாகவே தெரியும், ஆனால் முகத்தின் மடிப்புகள் எடுப்பாக நிற்கும். கண்ணுக்குச் செம்பழுப்பு அக்ரிலிக் ஷீட்டைச் சூடுகாட்டி வளைத்து ஒட்டினேன்.

போட்டுப் பார்த்தேன். எதிரே மாடிப்படி மங்கலாக, செம்மண் நிறத்தில் தெரிந்தது. வேறு சத்தமே இல்லை, என் மூச்சு மட்டும் உள்ளே மோதித் திரும்பி வந்தது. படத்தில் அந்த மூச்சுக்காக ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், முக்குளிப்பவர்கள் வாயில் வைக்கும் சுவாசக் கருவிக்குள் சின்ன மைக்கை வைத்துப் பதிவு செய்தார். உடம்பு பிரவுஸ், குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், மூச்சு பர்ட். இத்தனை பேருக்கும் முகம் கொடுத்தது மியூரின் மண். பிரவுஸ் 2020-இலும் ஜோன்ஸ் 2024-இலும் போய்விட்டார்கள். அதை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.

அச்சு இன்னும் உடையாமல் இருக்கிறது, இன்னொன்று தாராளமாக எடுக்கலாம். பொங்கலுக்கு நீ அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அதற்கு முன்னால் ஒரு நூலைப் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, காதுக்கு மேலாகத் தலையைச் சுற்றிப் பிடித்து அளந்து, சென்டிமீட்டரில் எழுது. உன் தலை என்னுடையதைவிடப் பெரிது, உள்ளே எவ்வளவு ஸ்பாஞ்ச் விடலாம் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்