பட்டியலைத் தலைகீழாக்கு, மகளே

அன்பு மகளுக்கு,

உன் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் காருக்கு நீ வாங்க நினைக்கிற முன் சஸ்பென்ஷன் சாமான்களின் பட்டியல் கிடைத்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். உயரத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர், கெட்டியான ஸ்பிரிங், இணைப்புகளில் செருகும் பாலியூரித்தேன் புஷ் வளையங்களின் செட், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் தடித்த ஆன்டி-ரோல் பார் எல்லாம் மேலே இருக்கின்றன. ட்ரன்னியனும் வெர்ட்டிக்கல் லிங்கும் கடைசியில், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. அதை அப்படியே தலைகீழாக்கிவிடு அம்மா. சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் சாமான் முதலில், ஓட்டத்தை அழகாக்கும் சாமான் அப்புறம்.

உன் வண்டியின் முன் சக்கரத்தைத் தாங்குவது வெர்ட்டிக்கல் லிங்க் என்கிற அந்தச் செங்குத்தான எஃகுத் துண்டு. அதன் மேல் முனையில் பால் ஜாயின்ட் என்கிற உருண்டை மூட்டு. கீழ் முனையில் மரை வெட்டியிருக்கும், அந்த மரை ட்ரன்னியன் என்கிற பித்தளை நிறக் கூட்டுக்குள் ஏறி உட்காரும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் உள்ளே சுழல்கிறது. 1959-இல் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்டின் அமைப்பு இது. 1962-இல் ஸ்பிட்ஃபயர் வந்தபோது இதுவும் கூடவே வந்தது, 1980-இல் உற்பத்தி நிற்கும்வரை இருந்தது. ஏறக்குறைய 24 அடி விட்டத்துக்குள் உன் வண்டி வட்டமடித்துத் திரும்பிவிடுகிறதே, அந்த அளவுக்குச் சக்கரம் திரும்புவது இந்த முன்பக்க அமைப்பால்தான்.

ட்ரன்னியன் என்றாலே பயந்து, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கீழேயும் பால் ஜாயின்ட் வைக்கும் கிட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தக் கிட் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வளைவில் ஓடுவதற்கே பேர்போன லோட்டஸ் எலானிலும் ட்ரயம்ஃபின் இந்த லிங்கும் ட்ரன்னியனும்தான் இருந்தன. அமைப்பில் கோளாறில்லை, கவனிக்காமல் விடுவதில்தான் கோளாறு. இதற்குள் போகவேண்டியது கிரீஸ் அல்ல, இ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் கெட்டிப்பட்டு மரையின் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது. மேலே இருக்கும் ரப்பர் சீல் தளர்ந்தால் தண்ணீர் இறங்கும், துரு பிடிக்கும். துரு அரித்த இடத்திலிருந்து விரிசல் ஓடி ஒருநாள் லிங்க் முறியும். அப்போது சக்கரம் அப்படியே மடிந்துவிடும். உன் வண்டியில் அப்படி ஒன்று நடக்கவே கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கழற்றியதும் லிங்கை மண்ணெண்ணெய் விட்டுப் பளிச்சென்று கழுவு. பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு, மரை தொடங்கும் மேல் விளிம்பைச் சுற்றிப் பார். ஊசி குத்தினாற்போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அந்த லிங்கை ஒதுக்கிவிடு. தேய்த்து மழமழப்பாக்கிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. குழி இல்லை, ஆனாலும் சந்தேகம் என்றால், சாயம் தடவி விரிசல் பார்க்கிற சோதனையைச் செய்துவிடு. லிங்க் தேறிய பிறகுதான் ட்ரன்னியன் வாங்குவது. புது ட்ரன்னியனைக் கையாலேயே ஏற்றிப் பார். தடங்கலில்லாமல் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் லிங்கின் மரை தேய்ந்திருக்கும், அல்லது புதுச் சாமான் சரியாக வெட்டப்படவில்லை. எதுவாக இருந்தாலும் அந்த ஜோடி வேண்டாம். இடது, வலது மரைகள் வேறு வேறு, கழற்றும்போதே அடையாளம் போட்டு வை. மாட்டும்போது கடைசிவரை திருகிவிட்டுச் சற்றே பின்வாங்கு. இல்லையென்றால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடிக்கும்போது மரை அடியில் போய் முட்டும்.

அடுத்தது புஷ். பாலியூரித்தேன் மேல் உனக்கு ஆசை என்று தெரிகிறது. ஆன்டி-ரோல் பாருக்குத் தாராளமாகப் போடு. சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கைகளான விஷ்போன்களுக்கு நல்ல ரப்பர் புஷ்ஷே போதும் என்பது என் எண்ணம். சாலையின் சின்ன அதிர்வுகளை ரப்பர் விழுங்கிவிடும், அந்தச் சேஸிஸுக்கும் அது நல்லது. பாலியூரித்தேனைக் கிரீஸ் தடவாமல் மாட்டினால் கீச்சிடும். ரப்பர் போடுவதென்றால் ஒன்றை மறக்காதே: விஷ்போன் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை முழுக்க இறங்கிய பிறகு இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். அங்குலத்துக்கு 300 பவுண்டு என்று எழுதியிருக்கிறாய். அது ஸ்பிரிங்கின் கணக்கு, சக்கரத்தின் கணக்கு வேறு. ஸ்பிரிங் விஷ்போனின் நடுவில் எங்கோ உட்காருவதால், சக்கரம் ஒரு அங்குலம் ஏறினால் ஸ்பிரிங் அதைவிடக் குறைவாகத்தான் அமுங்கும். ஸ்பிரிங் அமுங்குவதற்கும் சக்கரம் ஏறுவதற்கும் உள்ள விகிதத்தை அதனாலேயே பெருக்கி, பிறகு ஸ்பிரிங் எண்ணோடு பெருக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு விகிதம் 0.6 என்று வைத்துக்கொள். 0.36 ஆகிறது. உன் 300 பவுண்டு ஸ்பிரிங் சக்கரத்தில் 108 பவுண்டாக நிற்கும். உன் வண்டியிலேயே அளந்து பார்த்துவிட்டுக் கணக்குப் போடு. வேறொருவரின் வண்டிக்குப் பொருந்திய எண்ணை எடுத்துக்கொள்ளாதே.

தடித்த ஆன்டி-ரோல் பார் தேவையே இல்லை. உன்னுடையது மார்க் 4. 1970-இல் அந்த மாடல் வந்தபோது, பின்சக்கரங்கள் வளைவில் உள்ளே மடங்குவதைத் தடுக்க, பின்னால் ஸ்விங் ஸ்பிரிங் என்கிற, ஆடிக்கொடுக்கும் பட்டை ஸ்பிரிங்கை வைத்தார்கள். அதனால் பின்பக்கத்தின் சாய்வு எதிர்ப்பு குறைந்தது. அதை ஈடுகட்டத்தான் முன்னால் பாரையே தடிமனாக்கினார்கள். பின்னால் கைவைத்தபோது முன்னாலும் சரிசெய்தார்கள், பார்த்தாயா? நீ முன்னால் மட்டும் இன்னும் தடிமனாக்கினால் அந்தச் சமன் கெட்டு, வண்டி வளைவில் திரும்ப மறுத்து நேராகவே இழுக்கும்.

வண்டியை ரொம்பவும் தாழ்த்தாதே. தாழ்த்தத் தாழ்த்த, ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் கோணமும் விஷ்போனின் கோணமும் ஒத்துப்போகாமல் விலகும். அப்புறம் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பப் பார்க்கும். ஷாக் அப்சார்பரின் ஓட்டமும் குறைந்துபோகும்.

கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எந்தப் பிராக்கெட்டில் எத்தனை என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்துவிட்டுக் கழற்று. சக்கரத்தின் சாய்வுக் கோணங்களான கேம்பரும் காஸ்டரும் அந்தத் தகடுகளில்தான் இருக்கின்றன. வீல் பேரிங் இரண்டு பக்கமும் புதிதாகவே போடு, யோசிக்காதே. நட்டைப் பலம்கொண்டு இறுக்கிவிடாமல் மயிரிழை ஆட்டம் விட்டு ஸ்பிளிட் பின் போடு. தானாகக் கழலாத நைலாக் நட்டுகளை எல்லாம் புதிதாகவே போடு.

ஸ்பிரிங்கை ஷாக் அப்சார்பரிலிருந்து பிரிக்கும்போது தரமான கம்ப்ரசர் வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே சீராக இறுக்கு. முகத்தை அதற்கு நேராக வைக்காதே, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதே, ஸ்டாண்ட் வை. இதையெல்லாம் நீ செய்வாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இப்போதைக்கு லிங்க், ட்ரன்னியன், மேல் பால் ஜாயின்ட், பேரிங், புஷ், இவ்வளவுக்கு மட்டும் ஆர்டர் போடு. அவற்றை மாட்டி, பழைய ஸ்பிரிங்கோடேயே கொஞ்ச நாள் ஓட்டிப் பார். வண்டி உண்மையில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்த பிறகு ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசலாம். லிங்க் மரையின் படத்தை இரண்டு பக்கமும் கிட்டத்தில் எடுத்து அனுப்பு, ஷிம் கணக்கையும் சேர்த்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா