பாட்டர் வீட்டுப் பிள்ளைகள்

அன்புள்ள பாப்பா,

இங்கு எல்லோரும் நலம். நீ நலமா?

நன்றாக இருக்கிறேன், வேலை அதிகம், பிறகு பேசுகிறேன். சில வாரங்களாக இதே வரிகளைத்தான் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறாய். வேலை இருக்கட்டும். என் மகள் முயலும் முள்ளெலியும் வரைந்து சம்பாதிக்கிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பெரியப்பா வீட்டு விசேஷத்தில் உன் வேலையைப் பற்றிக் கேட்டபோது எல்லார் காதிலும் விழும்படி உரக்கவே சொன்னேன். ஆனால் உன் படங்களோடு புத்தகம் வரப்போகிற செய்தி தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதில் எனக்கு வருத்தம். எழுதிவிட்டேன், இனி அதைப் பேச மாட்டேன்.

ஹில் டாப் வீட்டுக்குப் போய் வந்ததாகச் சொல்லி ஒரு படம் அனுப்பினாய் அல்லவா? பூச்செடிகளுக்கு நடுவே நீ நிற்கிறாய், பின்னால் வீடு முழுதாக விழுந்திருக்கிறது. கையை நீட்டி நீயே எடுத்த படம் இல்லை. எடுத்தவர் நிதானமாக எடுத்திருக்கிறார். நீ அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகிறது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அந்த வீட்டுக்காரர், பீட்டர் முயல் கதையை எழுதிப் படமும் வரைந்த ஆங்கில எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அப்பா சத்தம் போடுகிற அளவுக்குப் படித்தேன். பாதி உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்லி நீ கேட்க வேண்டும்.

முதலில் உன் தொழிலுக்கு உதவுகிற விஷயம். 1893 செப்டம்பர் 4 அன்று ஸ்காட்லாந்தில் டன்கெல்டு என்ற ஊரில் பெற்றோரோடு விடுமுறையில் இருந்தார் பியாட்ரிக்ஸ். அவருக்கு முன்பு பாடம் சொல்லித்தந்த ஆனி மூரின் மகன் நோயல் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தான். ஐந்து வயதுப் பிள்ளை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை, நான்கு முயல்குட்டிகளின் கதை சொல்கிறேன் என்று தொடங்கி, இடையிடையே படம் போட்டு அவனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அந்தப் பிள்ளை அதைத் தொலைக்காமல் வைத்திருந்தான். சில ஆண்டுகள் கழித்து அதையே இரவல் வாங்கிப் புத்தகமாக வளர்த்தார். பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டாம் என்றன. 1901 டிசம்பரில் தன் சொந்தக் காசைப் போட்டு 250 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டு அக்டோபரில் ஃபிரெடரிக் வார்ன் பதிப்பகம் வண்ணப் படங்களோடு அதை வெளியிட்டது. புத்தகம் குழந்தையின் கைக்கு அடங்க வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அந்தப் படங்களைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். நீலச் சட்டை போட்டிருந்தாலும் சட்டைக்குள் இருப்பது அசல் முயலின் உடம்பு. தோள் எங்கே மடங்க வேண்டுமோ அங்கே மடங்குகிறது. சிறுவயதில் அவரும் தம்பி பெர்ட்ராமும் செத்துப்போன சின்னப் பிராணிகளைக் கொதிக்கவைத்து எலும்பைப் பிரித்தெடுத்து வரைந்து பழகினார்களாம். நீ மொட்டை மாடியில் செத்துக் கிடந்த அணிலைப் பள்ளிக்கூடப் பையில் எடுத்துவைத்த நாளில் உன் முதுகில் விழுந்த அடி இன்னும் என் கையில் இருக்கிறது. உன் அணில் படங்களுக்கு இருக்கிற வால் வேறு யார் வரைந்தாலும் வருவதில்லை. இதை உன் அம்மா என்பதற்காகச் சொல்லவில்லை.

ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. அந்த முயல் புத்தகத்துக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை பதிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள். அங்கே யார் யாரோ அச்சடித்து விற்றார்கள், எழுதியவருக்கு ஒன்றும் வரவில்லை. அதில் அவர் பாடம் படித்துக்கொண்டார். முயல் பொம்மையைத் தானே தைத்துப் பார்த்து 1903இல் தன் பெயரில் பேட்டன்ட் வாங்கினார். உன் படங்கள் பொம்மையாகவோ பையாகவோ சட்டையாகவோ வரும் என்றால் அந்த உரிமை யாருக்கு என்று கேள். கேட்கக் கூச்சமாக இருந்தால் தெரிந்தவர் யாரையாவது கூட அழைத்துக்கொண்டு போய்க் கேள். கூட வர ஆள் இருக்கும் அல்லவா?

இனி பியாட்ரிக்ஸ் பிறந்த வீட்டைப் பற்றி.

லண்டனில் பெரிய வீடு. அப்பா ரூப்பர்ட் பாரிஸ்டர், அம்மா ஹெலன். பணத்துக்குக் குறைவே இல்லை. பையனை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள், பெண்ணை அனுப்பவில்லை. அந்தப் பெண் வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, பதினைந்து வயது வாக்கில் தானாக ஒரு ரகசிய எழுத்தைக் கண்டுபிடித்து அதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். முப்பது வயது வரைக்கும் அந்த எழுத்திலேயே எழுதினார். அவர் இறந்து 15 ஆண்டு கழித்து, 1958இல்தான், லெஸ்லி லிண்டர் என்பவர் அதை உடைத்துப் படித்தார். காளான்களைப் பற்றி அந்தப் பெண் செய்த ஆராய்ச்சி 1897இல் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை அறிவியல் சங்கத்தில் வாசிக்கப்பட்டதையும், பெண் என்பதால் அவர் அந்தக் கூட்டத்துக்குப் போக முடியாததையும் எல்லோரும் பெரிதாக எழுதுகிறார்கள். பெரிய அநியாயம்தான். எனக்கு அந்த நாட்குறிப்புதான் தொண்டையில் நிற்கிறது. பக்கத்து அறையில் அம்மா இருக்கிறாள், மகள் அவளுக்குப் புரியாத எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

1905 ஜூலையில், அவருக்கு 39 வயது நடக்கும்போது, அவருடைய புத்தகங்களைக் கவனித்துவந்த நார்மன் வார்ன் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுக் கடிதம் எழுதினார். பியாட்ரிக்ஸ் சம்மதித்தார். பெற்றோர் கூடாது என்றார்கள். காரணம், நார்மன் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளையாம். இதைப் படித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பாட்டர் குடும்பத்துச் சொத்து எங்கிருந்து வந்தது? ரூப்பர்டின் அப்பா துணிக்கு அச்சுப் போடுகிற ஆலை வைத்திருந்தவர். ஹெலனின் பிறந்த வீட்டுப் பணமும் பருத்தியில் வந்ததுதான். பருத்தியை விற்று மேலே வந்தவர்களுக்குப் புத்தகம் விற்கிறவன் மட்டம். மகள் மோதிரத்தைக் கழற்றவில்லை. ஆனால் விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று பெற்றோர் வாயைக் கட்டினார்கள். ஒரே மாதம். ஆகஸ்ட் 25 அன்று நார்மன் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார். வயது 37. நிச்சயமான செய்தியே பலருக்குத் தெரியாதபோது, யார் வந்து அவரிடம் துக்கம் விசாரித்திருப்பார்கள்? அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அந்த ஆண்டே இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், நியர் சாரே கிராமத்தில், ஹில் டாப் பண்ணையை வாங்கினார். நீ நின்ற அந்த நடைபாதை அப்போது வாங்கிய இடம்தான். ஆனாலும் அங்கே போய்க் குடியிருக்க முடியவில்லை. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள லண்டனுக்கும் பண்ணைக்கும் அலைந்துகொண்டிருந்தார். நிலம் வாங்குவதில் உதவிய உள்ளூர் வக்கீல் வில்லியம் ஹீலிஸ் பிறகு அவரைக் கேட்டார். அப்போதும் அம்மா அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகளுக்கு வயது 46!

அந்த நேரத்தில்தான் தம்பி பெர்ட்ராம் வாயைத் திறந்தார். தனக்கு எப்போதோ கல்யாணம் ஆகிவிட்டது என்றார். 1902இல் எடின்பரோவில் மேரி ஸ்காட் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு, ஸ்காட்லாந்தில் பண்ணை வைத்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். 11 ஆண்டுகள் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது. இந்த இடத்தைப் படித்துவிட்டு மேலே படிக்க முடியாமல் மூடி வைத்துவிட்டேன்.

அந்த அம்மாள்மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. என்ன மாதிரியான வீடாக இருந்தால் பெற்ற பிள்ளை 11 ஆண்டு வாயை மூடிக்கொண்டிருப்பான்? ஆனால் அந்தப் பையன்மீதும் கோபம் வருகிறது, பாப்பா. ஒவ்வொரு ஆண்டும் கடிதம் எழுதியிருப்பான், நலம் என்றுதான் எழுதியிருப்பான். இவன் நன்றாகச் சாப்பிடுகிறானா, இவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று அந்தத் தாய் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். அங்கே அவனுக்கு ஒருத்தி சமைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு மருமகளுக்குச் செய்ய வேண்டியது எதையும் செய்யாமலே 11 ஆண்டு ஓடிவிட்டது. பெர்ட்ராம் 1918இல் 46 வயதில் இறந்துவிட்டார். கணக்குப் போட்டுப் பார். எல்லோருக்கும் தெரிந்து அவர்கள் வாழ்ந்தது ஐந்து ஆண்டு.

சித்தப்பா விஷயத்தில் நம் வீட்டில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய், நான் பார்த்தேன். அன்று கூடத்தில் பேசப்பட்டவை பாட்டியின் சொற்கள், என்னுடையவை அல்ல. சித்தி இப்போது பாட்டியின் மருந்து டப்பாவைப் பிரித்து வேளாவேளைக்குக் கொடுக்கிறாள். பாட்டி அவளைத் தவிர வேறு யார் கையாலும் வாங்குவதில்லை. இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எழுதுகிறேன்.

பியாட்ரிக்ஸ் 1913 அக்டோபர் 15 அன்று வில்லியமைத் திருமணம் செய்துகொண்டார். நன்றாக வாழ்ந்தார்கள், முப்பது ஆண்டு. கண்பார்வை குறைந்து புத்தகம் குறைந்தது, ஆடு கூடியது. ஹெர்ட்விக் என்ற அந்த மலைப்பகுதிச் செம்மறி இனத்தைக் காப்பாற்றுவதில் இறங்கி, பண்ணை பண்ணையாக வாங்கினார். ஆடு வளர்ப்போர் சங்கம் 1943இல் ஒரு பெண்ணை முதன்முறையாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது, அது அவர்தான். பொறுப்பேற்பதற்கு முன்னால், டிசம்பர் 22 அன்று இறந்துவிட்டார். 4,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார், மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளே மேய வேண்டும் என்ற நிபந்தனையோடு. அணிலும் வாத்தும் வரைந்து சம்பாதித்த பணம் நிலமானது. படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று உன்னைக் கேட்ட மாமாவுக்கு இதை நான் சொல்லியாகிவிட்டது. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து, மறக்காதே.

கணவர் போன பிறகு அந்த ஹெலன் எங்கே போனாள் தெரியுமா? மகள் இருந்த ஊர்ப்பக்கம்தான், ஏரிக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மகள். 93 வயதுவரை இருந்தாள். வேண்டாம் என்று சொன்ன மருமகன் வீட்டுப் பக்கம்தான் கடைசிக் காலம் கழிந்தது. அவ்வளவையும் தடுத்து என்ன சாதித்தாள்?

முயல் கதையில் வருகிற அம்மாவை நீ கவனித்திருப்பாய். தோட்டத்துப் பக்கம் போகாதே, அப்பாவுக்கு அங்கேதான் விபத்து நடந்தது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போகிறாள். பிள்ளை போகத்தான் போகிறான். உயிர் தப்பிச் சட்டையும் செருப்பும் இல்லாமல் வந்து தரையில் விழுகிறான். அவள் சமைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு வாரத்தில் இது இரண்டாவது சட்டையாயிற்றே, எங்கே விட்டிருப்பான் என்று மனசுக்குள் யோசிக்கிறாள். எழுப்பி உட்காரவைத்து விசாரிக்கவில்லை. கேமமைல் பூவில் தேநீர் போட்டுக் கொடுத்துப் படுக்கவைக்கிறாள். அவளுக்குப் புருஷனைப் பறிகொடுத்த பயம் இருக்கிறது, பிள்ளைமீது கோபமும் இருக்கிறது. எனக்கு அவளைத்தான் பிடித்திருக்கிறது. அவளைப் போல இருக்க எனக்கு வராது, நான் கேட்டுவிடுகிற ரகம். இந்த முறை கேட்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறேன் என்று இந்தக் கடிதத்தின் நீளத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. எதைக் கேட்டாலும் முதலில் பேசாமல் போவார், செய்தித்தாளை எடுத்துக்கொள்வார். ஜாதகக் கட்டை அலமாரிக்குள் வைத்து மூடிவிட்டேன், தரகருக்கும் இனி வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அதை அப்பா பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. ஊர், சாதி, மொழி என்று என்ன இருந்தாலும் அதைச் சொல்கிற பொறுப்பை என்னிடம் விடு. தம்பியிடம் சொல்லி அனுப்பாதே. அவனுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் இருப்பதை இரண்டாவது முறை என்னால் தாங்க முடியாது.

குளிருக்குக் காதை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. விளக்கு வெளிச்சத்தில் வரையாதே, கண் போனால் எதுவும் இல்லை.

விசா வந்துவிட்டது, மே மாதம் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். சாம்பார்ப் பொடியும் பருப்புப் பொடியும் அரைக்கக் கொடுக்க வேண்டும், மிளகாய் வெயிலில் காய்கிறது. எத்தனை பேருக்கு என்றும், காரம் எவ்வளவு தாங்கும் என்றும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது.

இப்படிக்கு,
அன்புடன் அம்மா